பிடில் நம்முடையதான கதை

பண்ணோடு இறைவனைப் புகழும் நம் பங்கு மக்களுக்கு, பிடில் வித்துவான் பாலுசாமி தீட்சிதரின் வரலாறு இந்த யூபிலி மலரில் ஏற்றதே.

1786-இல் பிறந்த இவர், முத்துசாமி தீட்சிதரின் இளவல். குடும்பம் மணலி முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த நாளில், சென்னைக் கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய வாத்தியத்தில் இளைஞர் மனம் பறிகொடுத்தார். முதலியார் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தினார். மூன்றாண்டுப் பயிற்சிக்குப்பின் அதே கருவியில் நம் இராகங்களை வாசித்தார்; 1824-இல் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானார். அவர் சுவீகாரம் கொண்ட பேரன் சுப்பராம தீட்சிதரே, 1904-இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யை வெளியிட்டவர்.

ஐரோப்பாவில் நின்று வாசித்த கருவி, இங்கே தரையில் அமர்ந்து, வலக்காலில் ஊன்றி வாசிக்கப்படுகிறது. தந்திகள் சட்ஜ பஞ்சமத்திற்கு இசைந்தன; மரமும் வில்லும் மாறவில்லை. நம் அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழக இசைத் துறை மாணவர் பயில்வதும் அந்தப் பிடிலையே.

நற்செய்தியும் கடல் கடந்தே நம்மிடம் வந்தது. 'அந்நிய மதம்' என்ற சொல்லை நாமும் கேட்டதுண்டு. மக்களின் சொந்த இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தருமாறு 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. பிடில் இம்மண்ணில் அமர்ந்துவிட்டது. நம் விசுவாசமும் அப்படி அமர்ந்ததா? இந்த யூபிலி நாளில் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.