சுங்கை பூலோவும் சிறுதோட்டக்காரரும்

ஆராய்ச்சி நிலையத்தில் விளைந்த அறிவு ஏழைக் குடியானவனின் நிலத்தை எட்ட எத்துணைக் காலம் செல்லும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சுங்கை பூலோவின் வரலாறே தக்க சான்றாகும். அதனோடு தொடர்புடைய பால்மரம் ஒன்று, மழை குன்றிய அயல்நாட்டு நிலத்திலும் இன்று சிறு குடியானவர்க்குச் சோறிடுகின்றது. ஆயினும், ஆராய்ச்சிக் கழகம் தோன்றிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னரே அதன் முழுப்பயன் இந்நாட்டுச் சிறுதோட்டக்காரரை அடையலாயிற்று.

பிரேசிலிலிருந்து 1876-இல் விக்ஹாம் கொணர்ந்த ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பின்னர்க் கம்பெனித் தோட்டங்கள் பெருகின. அவற்றைக் கண்டு கம்பத்து மக்களும் தத்தம் நிலத்தில் விதை ஊன்றினர். நூறு ஏக்கருக்குக் குறைந்தது சிறுதோட்டம் என்பது சட்டத்தின் கணக்கு. உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை பத்து ஏக்கரும் இல்லாதவை. மலாய்க்காரரும் சீனருமே அவற்றின் உரிமையாளருட் பெரும்பகுதியினர், இந்தியர் சிலரே.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. கழகத்தின் செலவுக்குப் பணம் வந்த வழி கருதத்தக்கது. ஏற்றுமதியாகும் ரப்பரின் ஒவ்வோர் இராத்தலுக்கும் ஒரு சிறு வரி விதிக்கப்பட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என அன்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறிய ரப்பரில், பெருங்கம்பெனியின் சரக்குக்கும் ஐந்து ஏக்கர்க்காரனின் சரக்குக்கும் வரிவிகிதம் ஒன்றே. வரியில் வேறுபாடு இல்லை. பயனில்தான் வேறுபாடு நேர்ந்தது.

அக்காலத்து ஆராய்ச்சியின் பெரும்பயன் ஒட்டுக்கன்று. விதையில் முளைத்த மரங்களுள் ஒன்று மிகுதியாகப் பால் சுரக்கும், மற்றொன்று சுரவாது. நற்பால் மரத்தின் மொட்டை எடுத்து இளங்கன்றின் தண்டில் ஒட்டினால், வளரும் மரம் தாய்மரத்தின் குணத்தையே பெறும். இத்தகைய தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்ததில் சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டம் புகழ்பெற்றது. இன்றைய புத்ராஜெயா நகரம் எழுந்திருப்பது அந்நிலத்தில்தான். அத்தோட்டத்துப் பி.பி. 86 என்னும் இனத்தைச் சாவகத்து ஜிர் 1 என்னும் இனத்தோடு கலந்து கழகத்தார் பெற்றதே ஆர்.ஆர்.ஐ.எம். 600. தெரிந்தெடுக்காத விதைமரம் தந்ததைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு பால் தந்தது அது.

இத்தகைய மரத்தைச் சிறுதோட்டக்காரன் ஏன் உடனே நடவில்லை? அறியாமையே காரணம் என்று பலர் எண்ணினர். அது முற்றும் உண்மையன்று. விலை வீழ்ச்சியைத் தடுக்க 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டமும், 1934 முதல் பன்னாட்டு ஒப்பந்தமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. இரண்டாவது ஒப்பந்தம் புதிய நடவைப் பெரும்பாலும் தடுத்தது. பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்ய மட்டும் ஓரளவு இடமிருந்தது. ஆயிரம் ஏக்கர் உடையவர் நூறு ஏக்கரை வெட்டிவிட்டு, எஞ்சியதில் பாலெடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். மூன்று ஏக்கர் உடையவன் அதை வெட்டினால், புதுக்கன்று பால்தரும் ஆறேழு ஆண்டுகள் அவன் குடும்பம் எதை உண்ணும்? போருக்குப் பின் 1946-இல் சிறுதோட்டங்களை நேரிற் கண்ட பொருளியல் அறிஞர் பி.டி. பவர், கட்டுப்பாட்டுக் கணக்கில் அவர்களுடைய விளைவு குறைத்தே மதிப்பிடப்பட்டது என்று எடுத்துக்காட்டினார்.

ஆகவே குறைவாயிருந்தது கன்று மட்டுமன்று; காத்திருக்கும் காலத்துக்குக் கஞ்சியும் ஆகும். 1952-இல் இயற்றப்பட்ட மறுநடவு நிதிச் சட்டம் இதனை ஓரளவு தீர்த்தது. ஏற்றுமதி வரியில் திரண்ட பணத்திலிருந்து, பழைய மரத்தை வெட்டி ஒட்டுக்கன்று நட்ட சிறுதோட்டக்காரருக்கு ஏக்கர்க் கணக்கில், தவணைதோறும் மானியம் வழங்கப்பட்டது. 1973-இல் தோன்றிய ரிஸ்டா அப்பணியை ஏற்றது. கன்றுகளுக்கிடையே மண்ணின் ஈரம் காக்கும் கொடிப்பயிரை வளர்ப்பதும், பாலை முறையாக உறைய வைப்பதும், பலர் கூடிப் பொதுக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு செய்து புகையூட்டுவதும் கம்பங்கள்தோறும் கற்பிக்கப்பட்டன.

இனி மழை குன்றிய நிலத்தைக் காண்போம். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 100 அங்குல மழை பெய்யும். தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஈசான் நாட்டின் பல இடங்களில் பெய்வது அதில் ஏறக்குறையப் பாதியே. அதுவும் ஆண்டில் அரைப்பகுதிக்குள் முடிந்துவிடும். மரவள்ளியும் கரும்பும் விளைந்த அம்மேட்டு நிலத்தில் 1980-களுக்குப் பின் சிறு குடியானவர் ரப்பர் நட்டனர். அவர்கள் பெரிதும் நட்டது ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஐயே. வறட்சி அதனைத் தீண்டாது என்பதில்லை. கன்று மெல்ல வளரும். இலையுதிர்ந்த கோடையில் பால்வெட்டை நிறுத்த வேண்டும். ஆயினும் அது பிழைத்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து உற்பத்தியில் மலேசியாவை விஞ்சி முதலிடம் பெற்றதில் இம்மரத்துக்கும் பங்குண்டு.

இவ்வரலாற்றில் இன்னொருவரையும் மறத்தல் ஆகாது. ஓர் இனம் நல்லதா என்பதை ஆராய்ச்சிக் கூடம் மட்டும் கூறிவிடாது. தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக மரத்தை வெட்டி, பாலை நிறுத்துப் பார்த்தே அறிய வேண்டும். சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியுமுன் அக்கத்தியைப் பிடித்த கை பெரும்பாலும் தமிழன் கை, தமிழ்ப் பெண்ணின் கை. அவனுக்கு நிலமில்லை; ஆதலின் மறுநடவு மானியமும் இல்லை. 1950-களில் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அதற்கு விடையாக வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு தவணைகளே தோட்டம் வாங்கும் முதலாயின. பிரிக்பீல்ட்ஸின் பெருவீதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்தது. சுங்கை பூலோச் சோதனைத் தோட்டத்தின் பெரும்பகுதி குவாசா டாமன்சாரா என்னும் புதுநகராக மாறிவருகின்றது. 2016-இல் அங்கு இரயில் நிலையமும் திறக்கப்பட்டது. மரங்கள் போயினும் பாடம் நிற்கின்றது. நல்ல கன்றை ஆராய்ச்சி தரும். காத்திருக்கும் காலத்துக்குக் கஞ்சியை அரசின் நிதி தரும். நட நிலம் இல்லாதவனுக்கோ இவ்விரண்டும் பயன்படா. இம்மூன்றும் ஒருங்கே கூடும்போதுதான் ஆய்வறிவு ஏழையின் அடுப்பில் உலையாக ஏறும்.