சிங்கள–தமிழ் மொழி ஒப்பாய்வு

இலங்கையில் அருகருகே வழங்கும் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளின் ஒலி, சொல், வாக்கிய அமைப்புகளை ஒப்புநோக்கும் ஆய்வுத்துறை. பிறப்பால் சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்தது; தமிழ் திராவிடக் குடும்பத்தது. அறிஞர்கள் நெடுங்காலம் சொற்களை எண்ணிக்கொண்டும் குடும்பம் எதுவென்று வழக்காடிக்கொண்டும் இருந்தார்கள். இரு மொழியும் வாக்கியத்தில் எவ்வளவு நெருங்கியவை என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் முறையாக ஆராயப்பட்டது.

அந்த நெருக்கத்தைக் காண நூலகம் போக வேண்டியதில்லை. புறக்கோட்டையிலிருந்து ஹைலெவல் வீதி வழியாக மஹரகம செல்லும் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் போதும். எங்கே இறங்குகிறார் என்று கேட்டால் சிங்களப் பயணி ‘மம யன்னெ நுகேகொடட்ட’ என்பார். தமிழ்ப் பயணி ‘நான் போறது நுகேகொடைக்கு’ என்பார். இரண்டிலும் வினை பெயர்த்தன்மை பெற்று முன்னே வருகிறது. அழுத்தம் பெறும் சொல் கடைசியில் நிற்கிறது. இடப்பெயரின் வால் நான்காம் வேற்றுமை உருபு. கேள்வியாக்கினாலும் இந்த ஒற்றுமை நிற்கிறது. சிங்களம் ‘நுகேகொடட்டத யன்னெ?’ என்று கேட்கும். வெள்ளவத்தையில் வாழும் யாழ்ப்பாணத்தார் ‘நுகேகொடைக்கோ போறியள்?’ என்று கேட்பார்கள். சந்தேகம் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லோடுதான் வினா இடைச்சொல் ஒட்டுகிறது. ஊர்ப்பெயரைத் தவிர ஒரு சொல்கூடப் பொதுவில்லாத இரு வாக்கியங்கள் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயல் அன்று.

பழைய காலத்தில் இந்த உறவு இலக்கணப் புலவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘சிதத் சங்கராவ’ சிங்களத்தின் தலையாய மரபிலக்கணம். அதன் அமைப்பில், வீரராசேந்திர சோழன் காலத்துப் புத்தமித்திரனார் செய்த ‘வீரசோழியம்’ என்னும் தமிழ் இலக்கணத்தின் சாயலை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். பௌத்தர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணம், பௌத்தத் துறவியர் சிங்களத்துக்கு இலக்கணம் செய்தபோது துணை நின்றதில் வியப்பில்லை. தம்பதெனியா என்னும் சிங்கள அரச நகரில் 1310இல் போசராச பண்டிதரின் ‘சரசோதிமாலை’ என்ற தமிழ்ச் சோதிட நூல் அரங்கேறியது. பின்னர் இன்றைய நுகேகொடையை அடுத்துள்ள கோட்டே, அரசின் தலைநகரானது. அங்கே 1421இல் ‘நாமாவலிய’ என்னும் சிங்கள நிகண்டை இயற்றிய அமைச்சர் நல்லூருதுன், தமிழ்த் தொடர்புள்ளவராகக் கருதப்படுகிறார். அந்தக் காலத்துப் பெரும்புலவர் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் ஆறு மொழி வல்லவர் என்று பட்டம் பெற்றவர், தமிழும் அறிந்தவர்.

ஐரோப்பியர் வரவால் ஒப்பாய்வின் நோக்கம் மாறியது. ஒல்லாந்தர் காலத்தில் யொஹானஸ் ருவெல் எழுதிய சிங்கள இலக்கணம் 1708இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஒப்பியல் மொழியியலின் முன்னோடிகளில் ஒருவரான டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க் கொழும்பில் தங்கி, 1821இல் சிங்கள எழுத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1852இல் ஜேம்ஸ் த அல்விஸ் சிதத் சங்கராவவை ஆங்கிலத்தில் தந்தார். 1856இல் கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வந்தது. அதில் சிங்களத்துக்குத் திராவிடக் குடும்பத்தில் இடமில்லை. மொழியறிஞர்களான சில்டர்ஸும் பின்னர் வில்ஹெல்ம் கைகரும் சிங்களச் சொற்களைப் பாளி, பிராகிருத வேர்களோடு பொருத்தி, அது இந்தோ-ஆரிய மொழிதான் என்று நிறுவினர். கைகரின் 1938ஆம் ஆண்டு இலக்கணத்துக்குப் பிறகு குடும்பம் பற்றிய வினா ஏறக்குறைய முடிந்துபோனது.

ஆனால் அதற்கு முன்பே முதலியார் டபிள்யூ. எப். குணவர்தன 1918இல் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் ஆற்றிய உரை, தீர்ந்துவருவதாக எண்ணப்பட்ட வழக்கை வேறு கோணத்தில் திறந்திருந்தது. சொல் ஆரியமாயிருக்கலாம், இலக்கணக் கட்டமைப்பு திராவிடம் என்றார் அவர். சிங்களப் பண்டிதர் ஒருவர் இதைப் பொதுமேடையில் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் முடிவு குடும்ப வரிசையில் நிற்காது. கவனித்த உண்மை நிற்கிறது. தமிழ்ப் பக்கத்தில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் சிங்களத்திலுள்ள திராவிடக் கூறுகளை எழுதினார். அவர் கைக்கொண்டது வேர்ச்சொல் வழி. அதில் எல்லாம் தமிழிலிருந்தே வந்ததாகக் காணும் ஆவல் சற்றுக் கூடுதல். இதற்கிடையே இரு மொழியிலும் தூய்மை இயக்கங்கள் எழுந்தன: 1916இல் மறைமலையடிகளின் தனித்தமிழ், 1941இல் முனிதாச குமாரதுங்கவின் ஹெல ஹவுல. இரண்டும் சொல்லைத்தான் கழுவின. வாக்கியத்தில் கை வைக்கவில்லை.

குடும்பம் ஒன்று, அயல் மற்றொன்று என்ற நிலை உலகில் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி பாண்டு இனத்தது. அதன் நாக்குச் சொடுக்கொலிகள் அயலவரான கோயி, சான் மக்களிடமிருந்து வந்தவை. கோசாப் பெண்கள் மாமனார் வழிப் பெயர்களின் அசைகளை உச்சரிக்காமல் தவிர்க்கும் ‘ஹ்லொனிபா’ வழக்கமும் அவ்வொலிகள் பரவ உதவியதாகக் கூறுவர். கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமாருக்கு இது புரியும். திபெத்திய-பர்மிய மொழியான பர்மியத்திலோ அண்டை மொன் மக்களின் எழுத்துமுறையும் பாளிச் சொற்களும் குடிகொண்டன. பர்மியத்தின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும், தமிழிலும் சிங்களத்திலும் போலவே விலகி நிற்கின்றன.

வாக்கியத்தை மையமாக்கிய புதுக்கட்டம் 1956ஐ ஒட்டித் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்து மொழிகள் குடும்பம் கடந்து பண்புகளைப் பகிர்கின்றன என்ற மொழியியலாளர் எமனோவின் கட்டுரை அந்த ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் இலங்கை நாடாளுமன்றம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. இரண்டு மொழியும் எவ்வளவு ஒன்று என்று ஆய்வு சொல்லத் தொடங்கிய வேளையில், சட்டம் ஒன்றை வெளியே நிறுத்தியது. அந்தக் காயத்தின் விலையை நாடு பல தசாப்தம் செலுத்தியது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு ஏற்றது 1987இல்.

இடைப்பட்ட காலத்தில் நடந்த நல்ல வேலை மூவர் கூட்டில் நடந்தது: கோர்னெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் கெயர், களனியின் டபிள்யூ. எஸ். கருணாதிலக, யாழ்ப்பாணத்தின் சுவாமிநாதன் சுசீந்திரராசா. கருணாதிலகவும் சுசீந்திரராசாவும் இரு மொழி ஒலியமைப்புகளை 1973இல் ஒப்பிட்டனர். மூவரும் சேர்ந்து 1978இல் பேச்சுத் தமிழுக்கு ஒரு பாடநூல் தந்தனர். சிங்களம் மூச்சொலி மெய்களை இழந்ததும், எகர ஒகரக் குறில் நெடிலை வேறுபடுத்துவதும், ‘எனக்குப் பசிக்குது’ என்பதுபோல் ‘மட்ட படகினியி’ என்று அனுபவிப்பவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்துவதும் தமிழோடு ஒத்துப்போவன. உறவுமுறையிலும் அவ்வாறே. தாய்மாமன் மகன் தமிழருக்கு மச்சான், சிங்களவருக்கு ‘மஸ்ஸினா’. பெரியப்பா பிள்ளைகள் இருவருக்கும் உடன்பிறப்பு.

வேறுபாடுகளும் கூர்மையானவை. பேச்சுச் சிங்களத்தில் நானும் நீயும் அவனும் ஒரே ‘யனவா’தான், தமிழிலோ போறன், போறாய், போறான் என்று வினை ஆளைக் காட்டும். சிங்களத்தில் ஒரு புத்தகம் ‘பொத்த’, பல புத்தகம் ‘பொத்’: பன்மைக்குச் சொல் குறுகும். ‘கந்த’ என்பதில் நகரத்தை முழுதாய் ஒலித்தால் மலை, அரையாய் ஒலித்தால் மரத்தின் அடி. தமிழ்க் காதுக்கு இந்த அரைமெல்லொலி எளிதில் பிடிபடாது.

செல்வாக்கு ஒருவழிப் பாதையும் அன்று. நீர்கொழும்புக்கு வடக்கே மீனவர் பேசும் தமிழை ஆராய்ந்த ஸ்டீவன் பொன்டா, அங்கே சிங்களத் தொடர்பால் வினைமுற்றின் ஆள் விகுதிகள் உதிர்ந்துவிட்டதைக் காட்டினார்.

இன்று இந்த ஒப்பாய்வின் பயன் வகுப்பறையில்தான் கூடுதல். 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த அரச ஊழியர் ஐந்தாண்டுக்குள் மற்ற ஆட்சிமொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அரசின் சுற்றறிக்கை விதித்தது. அவ்வகுப்புகளில் சொற்பட்டியலை மனனம் செய்விப்பது வீண்வேலை. வாக்கிய வரிசை மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிங்களவருக்கு வினை விகுதியையும், தமிழருக்கு அரைமெல்லொலியையும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.