ஹவானாச் சுருட்டின் கீர்த்தி

உலகச் சந்தையிலே சில பொருள்களின் பெயரோடு ஓர் ஊரின் பெயரும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்கா மசிலின் என்றும், காசுமீரச் சால்வை என்றும், இலங்கைக் கறுவா என்றும் கூறும்போது பொருளின் பெயரோடு அதன் தரத்திற்கான உறுதியும் கூடவே கூறப்படுகிறது. ஹவானாச் சுருட்டு என்பதும் அத்தகைய பெயர்களுள் ஒன்று. சுருட்டைக் கையாலும் தொட்டறியாதவர்கூட, சுருட்டிற் சிறந்தது கியூபா நாட்டுச் சுருட்டே என்று கேள்விப்பட்டிருப்பர். இந்தக் கீர்த்தி மெய்யானதுதானா, அன்றிப் பழைய காலத்துப் புகழின் எதிரொலிதானா என்பது ஆராயத்தக்க வினாவாகும். செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய அற்ப வினாப்போல இது தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை தேடிப் புகுவோர், மண்ணையும் விதையையும், பேரரசையும் கிளர்ச்சியையும், நாடு துறந்தோரின் துயரையும் ஒருங்கே சந்திக்க நேர்கிறது.

1492 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொலம்பசு கியூபாவின் கரையிலே தங்கியிருந்தபோது, உள்நாட்டைப் பார்த்து வருமாறு றொட்றிகோ தெ ஹெரெஸ், லூயிஸ் தெ தொறெஸ் என்னும் இருவரை அனுப்பினார். பொன்னையும் பேரரசனையும் தேடிச் சென்ற அவ்விருவரும் கண்டது வேறொன்று. அத்தீவின் பழங்குடிகளான தைனோ மக்கள் உலர்ந்த இலைகளைச் சுருட்டி, ஒரு முனையிலே தீயிட்டு, மறுமுனையில் வாய்வைத்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தனர். ஐரோப்பியர் சுருட்டைக் கண்ட முதற் காட்சி இதுவே. தேடிய பொன் அங்கே அதிகம் கிடைக்கவில்லை; காலப்போக்கில் அந்த இலையே பொன்னாயிற்று.

பொன்னாக மாறிய பொருளை அரசு சும்மா விடுவதில்லை. 1717 ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு கியூபாவின் புகையிலை முழுவதையும் தானே, தான் குறித்த விலைக்கே வாங்குவதென்று தனியுரிமை விதித்தது. புகையிலைத் தோட்டக்காரர்கள் ஆயுதமேந்தி ஹவானாவை நோக்கித் திரண்டனர். 1717, 1720, 1723 ஆகிய ஆண்டுகளில் மும்முறை கிளர்ச்சி எழுந்தது. மூன்றாவது கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. பிடிபட்ட தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டு, மற்றோருக்கு எச்சரிக்கையாக வழியோரங்களில் தொங்கவிடப்பட்டனர். ஹவானா இலையின் கீர்த்திக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் இவர்களே.

அக்காலத்தில் கியூபா இலையைத் தந்ததேயன்றிப் பெருவாரியாகச் சுருட்டைத் தரவில்லை. இலை கப்பலேறிச் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரின் அரச தொழிற்சாலைக்குச் சென்றது. 1817 ஆம் ஆண்டில் ஏழாம் பேர்டினாண்டு மன்னன் தனியுரிமையை நீக்கிய பின்னரே நிலைமை மாறியது. விளையும் இடத்திலேயே சுருட்டும் கைத்தொழில் பெருகியது. 1844 இல் உப்மன், 1845 இல் பார்த்தகாஸ், 1875 இல் றோமியோவும் ஜூலியற்றும் என்று, இன்றுவரை வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. மண்ணும் விதையும் கைத்திறனும் ஒரே தீவில் ஒன்றுகூடிய காலம் அது. ஹவானாவின் கீர்த்தி உலகெங்கும் நிலைபெற்றதும் அப்பொழுதேயாம்.

அந்த மண் எங்குள்ளது? தீவின் மேற்கே பினார் தெல் றியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ என்னும் பகுதி இருக்கிறது. செந்நிறமான, நீர் எளிதில் வடியும் மணற்பாங்கான நிலம் அது. புகையிலை வளரும் பனிக்காலத்தில் அங்கே மழை குறைவு. காற்றில் ஈரப்பதம் மாத்திரம் போதியளவு உண்டு. ஆண்டின் கடை மாதங்களில் நாற்று நட்டு, தை மாசி மாதங்களை ஒட்டி இலை ஒடிப்பர். செடியை ஒரேயடியாக வெட்டாது, அடியிலை முதல் நுனியிலை வரை பக்குவம் பார்த்துப் பகுதி பகுதியாக ஒடிப்பது வழக்கம். நுனியிலை காரம் மிக்கது; அடியிலை மென்மையானது, நன்றாக எரிவது. சுருட்டின் மேலே சுற்றும் இலைக்கு வேண்டிய செடிகளை மெல்லிய வெண்துணிப் பந்தலின் கீழ் வளர்ப்பர். ஒடித்த இலையைக் கொட்டில்களிலே தொங்கவிட்டு உலர்த்தி, பின்னர் அடுக்கி வைத்துத் தன் வெப்பத்தாலேயே பதப்பட விடுவர். இப்படிப் பலமுறை பதப்பட்ட பின்னரே அது சுருட்டுபவரின் பலகைக்கு வரும்.

பலகையின் முன் அமர்ந்தவரின் கருவி வளைந்த ஒரு தகட்டுக் கத்தி மாத்திரமே. உள்ளே இடும் இலை, அதனைக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை என மூவகையையும் அவர் கைக்கணக்கிலே பொருத்த வேண்டும். நெருக்கிச் சுற்றினாற் புகை வராது. தளரச் சுற்றினாற் சூடேறிக் கசக்கும். இந்த நுண்மை நூலிற் படித்து வருவதன்று. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அமர்ந்து செய்யும் வேலைக்கு மனத்திற்கும் உணவு வேண்டும் என்று தொழிலாளர் உணர்ந்தனர். 1865 ஆம் ஆண்டில் ஹவானாவின் எல் பிகாறோ தொழிற்சாலையில், வேலை செய்வோருக்கு ஒருவர் உரத்துப் படித்துக்காட்டும் வழக்கம் தொடங்கியது. காலையிற் செய்தித்தாள், பின்னர் நாவல் என்று அது நடந்தது. படிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். எழுத்தறியாதவர்கூட நாட்டு நடப்பை விவாதிக்கத் தலைப்பட்டனர். அதனாலேயே அஞ்சிய ஆட்சியாளர் அடுத்த ஆண்டே அதனைத் தடைசெய்தனர். தடையை மீறியும் வழக்கம் பிழைத்தது. 1935 ஆம் ஆண்டில் தோன்றிய மொன்ரிகிறிஸ்தோ என்னும் சுருட்டின் பெயர், இவ்வாறு படிக்கப்பட்ட அலெக்சாந்தர் தூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பர்.

1868 ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் மூண்டது. அஞ்சியும் வெறுத்தும் சுருட்டுத் தொழிலாளர் பலர் கடல் கடந்து புளோரிடாவின் கீ வெஸ்ற் தீவிற்கும், பின்னர் தம்பா நகருக்கும் சென்று குடியேறினர். தம்பாவின் அருகே 1880 களின் நடுப்பகுதியில் மார்த்தினெஸ் இபோர் என்பவர் நிறுவிய குடியிருப்பு ஒரு சுருட்டு நகரமாகவே வளர்ந்தது. இத்தொழிலாளரிடையே 1891 ஆம் ஆண்டில் ஹொசே மார்த்தி உரையாற்றி, விடுதலைக்குப் பொருளும் ஆளும் திரட்டினார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. தம்பாவிலே சுருட்டியவை கியூபாவிலிருந்து தருவித்த இலைகளே. கை இடம்பெயர்ந்தது, இலை இடம்பெயரவில்லை. எனவே சுருட்டின் சிறப்பு எந்தளவு கையைச் சார்ந்தது, எந்தளவு மண்ணைச் சார்ந்தது என்ற வினா அப்போதும் தீராதிருந்தது.

அதேகாலத்தில் உலகின் வேறு பாகங்களும் வாளாவிருக்கவில்லை. ஸ்பானியரே ஆண்ட பிலிப்பைன் தீவுகளின் மணிலாச் சுருட்டு ஆசியாவெங்கும் பரவியது. சுமாத்திராவின் தெலிப் பகுதியில் 1860 களில் ஒல்லாந்தர் பயிரிடத் தொடங்கிய இலை, மேலே சுற்றுவதற்கு நிகரற்றதெனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்துப் புகையிலையோ நெடுங்காலம் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. யாழ்ப்பாணச் சுருட்டிற்குத் தென்னிலங்கையிலும் நல்ல கிராக்கி இருந்தது. ஆங்கிலத்தில் இருமுனையும் வெட்டிய சுருட்டைக் குறிக்கும் செறூற் என்னும் சொல்லே தமிழின் சுருட்டு என்ற சொல்லிலிருந்து சென்றதாகும். ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் ஹவானாவின் அரியணையை அசைக்கவில்லை.

அதனை அசைத்தது அரசியலே. 1959 ஆம் ஆண்டில் பிடல் காஸ்ரோவின் புரட்சி வெற்றிபெற்றது. 1960 ஆம் ஆண்டு செப்டெம்பரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. 1962 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபாவுடனான வணிகத்தை முற்றாகத் தடைசெய்தார். அவருடைய செய்தித்துறைச் செயலாளரான பியர் சாலிஞ்சர் பிற்காலத்தில் எழுதிய ஒரு நிகழ்ச்சி சுவையானது. தமக்கு ஆயிரம் கியூபாச் சுருட்டுக்கள் வேண்டுமென்று ஜனாதிபதி ஒருநாள் மாலையிற் கேட்டாராம். மறுநாட் காலையில் ஆயிரத்து இருநூறு கிடைத்துவிட்டதென்று சாலிஞ்சர் கூறியதும், மேசையறையிலிருந்து தடையாணையை எடுத்துக் கையொப்பமிட்டாராம். தடைசெய்த கையே தடைசெய்யப்பட்ட பொருளின் சிறப்புக்குச் சாட்சியாயிற்று.

இங்கேதான் வரலாறு ஒரு பெரிய பரிசோதனையை நடத்திக் காட்டியது. உடைமை இழந்த தொழிலதிபர்களும், தேர்ந்த தோட்டக்காரர்களும், கைதேர்ந்த சுருட்டுத் தொழிலாளரும் தொமினிக்கன் குடியரசு, நிக்கராகுவா, ஹொண்டூராஸ் முதலிய நாடுகளை அடைந்தனர். கியூபாவின் விதையும் அவர்களுடன் சென்றது. வீடும் விளைநிலமும் விட்டு வந்தவர்களுக்கு அந்த விதையே முதுசமாயிற்று. மண் மாத்திரம் கியூபாவிலேயே நின்றது. முன்னர் ஒன்றாயிருந்த மூன்றும் இவ்வாறு பிரிந்தன.

புதிய மண் உடனே பலன் தந்துவிடவில்லை. ஆயினும் நிக்கராகுவாவின் எஸ்தெலி, ஹலாப்பா ஆகிய பள்ளத்தாக்குகளின் எரிமலை மண்ணில் விளைந்த இலை, ஆண்டுக்கு ஆண்டு தேறியது. தொமினிக்கன் மண்ணில் மேலே சுற்றத்தக்க இலை விளையாது என்று வணிகர் சாதித்தனர். புவெந்தே குடும்பத்தினர் அங்கேயே அதனை விளைவித்து, 1995 ஆம் ஆண்டில் ஒப்புஸ் எக்ஸ் என்னும் சுருட்டை வெளியிட்டு அக்கூற்றைப் பொய்யாக்கினர். மற்றொரு வசதியும் இந்நாடுகளுக்கு வாய்த்தது. கியூபாச் சுருட்டு முற்றிலும் கியூபா இலையாலேயே ஆவது. ஏனையோர் எக்குவதோரின் இலையையும், கமறூனின் இலையையும், கனெக்ரிக்கற் இலையையும் விரும்பியபடி கலந்து சுவையை அமைக்கலாயினர்.

தாயகத்திலோ இடர்கள் அடுத்தடுத்து வந்தன. 1980 ஆம் ஆண்டளவில் நீலப்பூஞ்சண நோய் பயிரின் பெரும்பகுதியை அழித்தது. 1991 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது உரமும் எரிபொருளும் கிடையாமல் விளைச்சல் வீழ்ந்தது. பின்னர் உலகெங்கும் சுருட்டு மோகம் எழ, 1990 களின் பிற்பகுதியில் அவசர அவசரமாக உற்பத்தியைப் பெருக்கினர். போதிய பயிற்சியில்லாத கைகள் நெருக்கிச் சுற்றிய சுருட்டுக்களிற் புகையே வரவில்லை என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. பெயரைக் கொண்டு மாத்திரம் பெருமையைக் காக்க முடியாது என்பதைக் கியூபா உணர்ந்த காலம் அது. புகை இழுபடுகிறதா என்று சோதிக்கும் கருவிகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. தரமும் மீண்டும் திருந்தியது.

இன்று தேர்ந்தவர்கள் சுருட்டின் பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, இன்ன நாட்டதென்று அறியாமலே சுவைத்து மதிப்பெண் இடுகின்றனர். இத்துறையிற் பெயர்பெற்ற அமெரிக்கச் சஞ்சிகையொன்று ஆண்டின் தலைசிறந்த சுருட்டென 2010 ஆம் ஆண்டிலும் 2013 ஆம் ஆண்டிலும் கியூபாச் சுருட்டுக்களையே தெரிந்தெடுத்தது. இடையில் 2012 ஆம் ஆண்டில் அவ்விடத்தை நிக்கராகுவாச் சுருட்டொன்று பெற்றது. முதலிடம் ஒரு நாட்டின் பரம்பரைச் சொத்தாக இல்லை என்பது இதனாற் புலனாகும். ஆயினும் பெட்டியின் மேலுள்ள பெயருக்கு இன்னும் வலிமை குன்றவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனமும் கியூபா அரசும் கொஹீபா என்னும் ஒரே பெயருக்காகப் பல்லாண்டு நீதிமன்றங்களில் வழக்காடியமை அதற்குச் சான்று. தடைசெய்யப்பட்ட கனிக்கு இனிப்பு அதிகம் என்பதும் உலக வழக்கே. போலிச் சுருட்டுக்கள் பெருகுவதும், விலை ஏறுவதும் அதன் விளைவுகளாம்.

அங்ஙனமாயின் தீர்ப்பு யாது? 1960 ஆம் ஆண்டுக்கு முன்னர் இவ்வினாவிற்கு ஒரே விடைதான் இருந்தது. மண், விதை, கை என்னும் மூன்றிலும் சிறந்தவை ஓரிடத்தே இருந்தமையால், ஹவானாவே மேல் என்பது நியாயமான முடிபு. அதன் பின்னர் அம்முடிபு அப்படியே நிற்கவில்லை. வுவெல்தா அபாஹோ மண்ணின் இலைக்குரிய மணமும் சுவையும் வேறெங்கும் அப்படியே பிறப்பதில்லை. அது கியூபாவின் தனியுரிமை. ஆனால் தனித்தன்மை வேறு, மேன்மை வேறு. சீராகச் சுற்றுவதிலும், பிழையின்றி எரிவதிலும், கலவையின் நயத்திலும் பிற நாடுகள் கியூபாவிற்கு ஈடாகவும், சிலவேளை ஒருபடி முன்னாகவும் நிற்கின்றன. அந்நாடுகளின் சிறப்பிலும் கியூபாவின் விதையும் கையும் கலந்திருப்பதால், அவற்றின் வெற்றியைத் தாய்க்கு மகள் தந்த தோல்வி என்றே கொள்ளல் வேண்டும்.

புகையிலை உடலுக்குத் தீங்கென்பதை மருத்துவ உலகம் ஐயமற நிறுவியுள்ளது. சுருட்டும் கையுமாகவே உலகம் கண்ட காஸ்ரோவே 1985 ஆம் ஆண்டில் மக்களுக்கு முன்மாதிரியாக அதனைக் கைவிட்டார். ஆதலின் எதனைப் புகைப்பது என்பதற்காக இவ்வரலாறு அறியப்பட வேண்டியதில்லை. ஒரு பெயரின் பின்னே எத்தனை கைகள் உள்ளன என்று உணர்வதற்காகவே அறியப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இயன் சூறாவளி பினார் தெல் றியோவின் புகையிலைக் கொட்டில்களை ஆயிரக்கணக்கிற் சாய்த்தது. அடுத்த பயிருக்கு இருந்த காலம் குறைவு. தோட்டக்காரர்கள் விழுந்த மரங்களையும் தகடுகளையும் பொறுக்கியெடுத்து, கொட்டில்களை மீண்டும் கட்டத் தொடங்கினர். ஹவானாவின் கீர்த்தி வணிகரின் முத்திரையிலே தங்கியிருப்பதாக உலகம் நினைக்கலாம். அது தங்கியிருப்பது அந்தக் கொட்டில்களிலேயே.