இல்லாத அழுத்தத்தை எவ்வாறு கட்டுப்படுத்துவது? திருமலை மலைப்பாதையும் பிரேக்கின் வரலாறும்

திருமலைக்கான முதல் மலைப்பாதை, சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1944இல் திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாம் பாதை அமைந்தபின், புதியது ஏறுவதற்கும் கொண்டை ஊசி வளைவுகள் மிகுந்த பழையது இறங்குவதற்கும் உரியவையாயின. பிரேக்கின் வரலாற்றைப் பயில்வோருக்கு இவ்விறக்கம் ஒரு முக்கியமான சான்று.

திரவ பிரேக்கின் அடிப்படை பாஸ்கல் விதி. மிதியின் விசை மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தமாக மாறி, அடைபட்ட திரவத்தின் வழியே சக்கரங்களைச் சென்றடைகிறது. 1921இல் டூசன்பெர்க் கார் இம்முறையை நான்கு சக்கரங்களிலும் பொருத்தியது. 1962இல் சென்னையில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் காரில் அறிமுகமாயிற்று. சக்கரம் சுழலாமல் இறுகும் தறுவாயில் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் ஏற்றுவது அதன் பணி. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

ஏபிஎஸ் தீர்த்தது மிகையான அழுத்தத்தின் சிக்கலை. மலை இறக்கத்தின் இடரோ அழுத்தமே எழாமற்போவது. 1,500 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ 700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நான்கு லிட்டர் நீரை முற்றிலும் ஆவியாக்கப் போதுமானது. பிரேக்கை விடாது மிதித்தால் அதன் பெரும்பகுதி பிரேக்கிலேயே வெப்பமாகும். பிரேக் திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாயின் 205 டிகிரி செல்சியஸ். ஈரமேறியபின் 140 மட்டுமே. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கக்கூடியது, ஆகவே மிதி அடிவரை இறங்கினாலும் அழுத்தம் சக்கரத்தை எட்டாது. இல்லாத அழுத்தத்தை ஏபிஎஸ் ஆளவியலாது.

இந்த இடைவெளியை நிரப்புபவை, தாழ்ந்த கியரில் இறங்கும் ஓட்டுநர் மரபும், இறக்கத்திற்குக் குறைந்தபட்ச நேரம் விதித்துச் சாவடியில் சரிபார்க்கும் திருமலை நடைமுறையும் ஆகும். வேகத் தடைக்காகப் பிறந்த விதியாயினும், மெதுவாக இறங்கும் வண்டியில் வெப்பம் ஆறுவதற்கு அது இடமளிக்கிறது. ஆகவே தொழில்நுட்ப வரலாற்றை ஆராயும் மாணவர்கள் காப்புரிமைகளோடு நின்றுவிடலாகாது. மலைச்சாவடியின் நேரச்சீட்டும் அழுத்தக் கட்டுப்பாட்டின் ஆவணமே.