மீண்டும் கழன்ற விழித்திரை

விழித்திரை ஒருமுறை கழன்றால் அந்தக் கண் போய்விட்டது என்பதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மருத்துவ உலகின் தீர்ப்பு. நோயாளியை வாரக்கணக்கில் அசையாது படுக்கவைத்தார்கள். பெரும்பாலும் பலனில்லை. சுவிற்சர்லாந்தின் லொசான் நகர மருத்துவரான ஜூல் கொனான், விழித்திரையிலுள்ள கிழிசலே நோயின் மூலம் என்றார். கிழிசலூடாகத் திரவம் பின்னே புகுந்து விழித்திரையைப் பிரிக்கிறது. ஆகவே அதனைச் சுட்டு அடைக்கவேண்டும் என்றார். பல ஆண்டுகள் ஏற்க மறுத்தவர்கள், 1929இல் அம்ஸ்ரர்டாம் மாநாட்டிலேயே அவருக்குத் தலைவணங்கினர்.

எனினும் ஒட்டிய விழித்திரைகள் பல மீண்டும் கழன்றன. மருத்துவரின் பார்வைக்குத் தப்பிய கிழிசல்கள் அதற்கொரு காரணம். இரு கண்களாலும் நோக்கி விழித்திரையின் ஓரம்வரை ஆராயும் கருவியை உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஷெப்பென்ஸ். போர்ச்செய்திகளோடு காலங்கழித்த எனக்கு இவரது கதையில் தனி ஈர்ப்பு உண்டு. நாஸிகளின் ஆக்கிரமிப்பின்போது ஜாக் பேரோ என்ற பொய்ப்பெயரில் பிரெஞ்சு பாஸ்க் மலைக்கிராமமொன்றில் மரஆலை நடத்தியபடி, நூற்றுக்கும் மேற்பட்டோரை இரகசியமாக ஸ்பெயினுக்குக் கடத்திக் காப்பாற்றியவர் அவர். அந்த மரவியாபாரிதான் இந்தக் கண் மருத்துவர் என்பதைப் பிற்காலத்திலேயே உலகம் அறிந்தது. 1947இல் அமெரிக்காவின் பொஸ்டனுக்குச் சென்ற அவர், கண்ணின் வெளிச்சுவரைப் பட்டியால் உள்நோக்கி அழுத்தும் சிகிச்சையை வளர்த்தெடுத்தார்.

அதன்பின்னரும் ஒரு பகை எஞ்சியது. குணமடையும் கண்ணுக்குள்ளேயே வடுச்சவ்வு வளர்ந்து, சுருங்கி, விழித்திரையை இழுத்துப் பெயர்த்துவிடும். வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அது விடாது. 1970இல் மியாமியில் றொபேர்ட் மகெமர், கண்ணினுள் நிறைந்திருக்கும் கூழை நுண்கருவியால் வெட்டி உறிஞ்சியெடுத்தார். தொடவே கூடாதென்று போதிக்கப்பட்ட இடம் அது! முட்டையின் வெள்ளைக்கருவில் பரிசோதித்த கருவியே அங்கு நுழைந்தது. இனிச் சவ்வையும் உரித்தெடுக்கலாம் என்ற நிலை வந்தது.

உரித்த விழித்திரையை உள்ளிருந்து தாங்குவது எப்படி? 1962இலேயே போல் சிபிஸ் சிலிக்கன் எண்ணெயைக் கண்ணுக்குள் செலுத்திக் காட்டியிருந்தார். பின்விளைவுகளுக்கு அஞ்சி அமெரிக்கர் அதனைக் கைவிட்டனர். நெதர்லாந்தின் றொட்டர்டாமில் றெல்யா ஷிவோய்னோவிச் விடவில்லை. சவ்வை உரித்து, அதுவும் போதாதபோது சுருங்கிய விழித்திரையையே வெட்டித் தளர்த்தி, எண்ணெயால் நிரப்பினார். என் கணிப்பில் இவ்வரலாற்றின் மிகத் துணிச்சலான செயல் அதுவே. மற்றவர்கள் கைவிட்ட கண்கள்தாம் அவரிடம் வந்தன.

இன்று முதற்சிகிச்சையிலேயே பத்தில் ஏறக்குறைய ஒன்பது கண்களில் விழித்திரை ஒட்டிவிடுகிறது. மீண்டும் கழன்றவற்றுக்கு அந்த எண்ணெயே பெரும்பாலும் துணை; சில மாதங்களின்பின் வழக்கமாக அகற்றுவார்கள். ஆயினும் விழித்திரை ஒட்டிய பின்னரும் பார்வை பழைய நிலைக்குத் திரும்பாத கண்கள் ஏராளம்.