குற்றவாளிக் கூண்டில் எண்ணெய் பம்ப்

ஜனவரி மாத நள்ளிரவு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. வீட்டின் பேஸ்மென்டில் ஓடிக்கொண்டிருந்த பாய்லர் நின்றுவிடுகிறது. சில மணி நேரத்தில் வீடு ஆறிப்போகும். அதற்குப் பிறகு சுவருக்குள் போகிற தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சமாளிக்கிற விஷயம் இல்லை இது. மெக்கானிக் வருகிறார், பார்க்கிறார், "பம்ப் போச்சு" என்கிறார்.

எண்ணெய் பாய்லர் வந்த காலத்திலிருந்து சொல்லப்படுகிற தீர்ப்பு இது. பல நேரம் தவறான தீர்ப்பும்கூட. ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த பம்ப் வீட்டுக்குள் வந்த கதையைப் பார்க்க வேண்டும்.

1940-ல் அமெரிக்க வீடுகளில் பாதிக்கும் மேல், சுமார் 55 சதவீதம், நிலக்கரியில்தான் சூடேறின. எண்ணெய் வெறும் 10 சதவீதம். கரி அடுப்பில் ஒளிவு மறைவு கிடையாது. கதவைத் திறந்தால் நெருப்பு தெரியும். அணைந்தால் ஏன் அணைந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியும். ஆனால் விடியற்காலையில் எழுந்து கரி அள்ளிப் போடணும், சாம்பல் வாரணும், வீடு முழுக்க கரித்தூள். இந்தத் தொல்லை இல்லாமல் தானாகவே எரிகிற நெருப்பு என்றுதான் 1920-களிலும் 30-களிலும் எண்ணெய் பர்னர்களை விற்றார்கள். பல வகை பர்னர்கள் போட்டி போட்டன. கடைசியில் ஜெயித்தது துப்பாக்கிக் குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் 'கன்' பர்னர். ஒஹையோவின் எலிரியாவில் பெக்கெட் கம்பெனி 1937-ல் தொடங்கியது இந்தத் தொழிலில்தான்.

கன் பர்னரின் தத்துவம் சுலபம். நம்மூர் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளலாம். அதில் கையால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றுகிறோம், எண்ணெய் சூட்டில் ஆவியாகி எரிகிறது. பாய்லரில் ஆவியாக்கும் வேலை முன்கூட்டி நடப்பதில்லை. அதற்குப் பதில் எண்ணெயை ஊசித் துளை போன்ற நாசில் வழியாகப் பீய்ச்சி பனிப்புகை மாதிரி ஆக்குகிறார்கள். அதற்குத் தேவை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம். அதைத் தருவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பல்சக்கர பம்ப். ஒரே மோட்டார் காற்று விசிறியையும் சுழற்றும், நடுவில் ஒரு கப்ளிங் வழியாக பம்ப்பையும் சுழற்றும். பக்கத்தில் 10,000 வோல்ட் தீப்பொறி. அவ்வளவுதான் இயந்திரம்! ராக்ஃபோர்டின் சண்ட்ஸ்ட்ராண்ட், ரசினின் வெப்ஸ்டர் போன்ற பெயர் பொறித்த பம்ப்கள் இப்படித்தான் பேஸ்மென்ட்களுக்குள் நுழைந்தன.

நடுவில் உலகப் போர் வந்தது. 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கிழக்குக் கடற்கரையோரம் எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. அந்த வருட இலையுதிர் காலத்தில் வீட்டு எண்ணெய்க்கு ரேஷன் கூப்பன். "முடிந்தவர்கள் கரிக்கே திரும்புங்கள்" என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. டெக்சாஸிலிருந்து கிழக்கே 'பிக் இஞ்ச்' என்ற 24 அங்குலக் குழாயைப் போர்க்கால வேகத்தில் போட்டு 1943-ல் முடித்தார்கள். போர் முடிந்ததும் எண்ணெய் திரும்ப வந்தது, முன்னைவிட வேகமாக. 1960-ல் மூன்றில் ஒரு வீடு எண்ணெயில் சூடேறியது.

இந்த மாற்றத்தில் கவனிக்காமல் விடப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. நெருப்பு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு மிஞ்சியது ஒரு சிவப்பு பட்டன் மட்டும். நெருப்பு பிடிக்கவில்லை என்றால் பாதுகாப்புக் கருவி பர்னரை நிறுத்திவிடும். பட்டனை அழுத்தினால் மறுபடி முயலும். குளிரில் நடுங்குகிறவர் ஒரு தடவையோடு விடுவாரா? கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 1 கேலன் எரிக்கிற பர்னர், 45 விநாடி முயற்சி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 47 மில்லி எண்ணெய் எரியாமல் உள்ளே சேரும். பத்து தடவை அழுத்தினால் கிட்டத்தட்ட அரை லிட்டர். பதினோராவது தடவை நெருப்பு பிடித்தால்... புகைபோக்கிக் குழாய் கழன்று, வீடு முழுக்கக் கரிப்புகை படியும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பஃப்பேக்'. இப்போதைய கருவிகள் 15 விநாடியில் நிறுத்துகின்றன, சில அழுத்தலுக்குப் பிறகு பூட்டியும் விடுகின்றன. அந்தப் பூட்டு எத்தனை அனுபவத்துக்குப் பிறகு வந்திருக்கும்!

மெக்கானிக்குக்கும் நெருப்பு தெரியாது, எண்ணெயும் தெரியாது. எண்ணெய் வரவில்லை என்பது மட்டும் தெரியும். எண்ணெய் வரவேண்டிய இடம் பம்ப். அதனால் பம்ப் குற்றவாளி! பழைய பம்ப்பைக் கழற்றி, புதியதை மாட்டி, காற்றை வெளியேற்றி, ஓடவிட்டால் பல சமயம் ஓடவும் செய்யும். ஆனால் ஓடியது புதிய பம்ப்பாலா, கழற்றி மாட்டும்போது குழாயின் தளர்ந்த மூட்டு இறுகியதாலா?

உண்மையைச் சொல்லக்கூடிய சாட்சிகள் இரண்டே இரண்டு. ஒன்று பிரஷர் கேஜ், இன்னொன்று வேக்குவம் கேஜ். பம்ப் எண்ணெயைத் தள்ளுவது மட்டுமில்லை, தொட்டியிலிருந்து உறிஞ்சவும் செய்கிறது. தொட்டி ஒரு அடி கீழே இருந்தால் சுமார் ஒரு அங்குல வேக்குவம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. தொட்டி பக்கத்திலேயே இருந்தும் முள் 12 அங்குலம் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு: ஃபில்டர், நசுங்கிய செப்புக் குழாய், பாதி மூடிய வால்வு. அப்போது பம்ப் கீச்சென்று முனகும். முனகுவது பம்ப்தான், நோய் வேறு இடத்தில். தொட்டி ஆழத்தில் புதைந்திருந்தும் முள் அசையவே இல்லை என்றால் காற்று ஒழுகுகிறது, இல்லை தொட்டி காலி. பம்ப்பையே சோதிக்க வேண்டுமா? எண்ணெய் வரும் வழியை மூடிவிட்டு ஓடவிட வேண்டும். 15 அங்குலத்துக்கு மேல் இழுத்து, நிறுத்திய பிறகும் முள் விழாமல் நின்றால் பம்ப் நிரபராதி. அழுத்தப் பக்கமும் அப்படித்தான். மோட்டாரை நிறுத்தியதும் முள் கொஞ்சம் இறங்கி அப்படியே நிற்க வேண்டும். பூஜ்யத்துக்கு விழுந்தால்தான் பம்ப்பின் மேல் குற்றம். நாசில் சொட்டி, கரி படியும்.

மோட்டார் சுழலும், பம்ப் சுழலாது என்கிற கேஸும் உண்டு. நடுவில் இருக்கிற கப்ளிங் உடைந்திருக்கும். மலிவான ஒரு துண்டுக்காக முழு பம்ப்பும் குப்பைக்குப் போகும்.

நிஜமாகவே பம்ப் இறுகிப்போய்ச் செத்திருந்தாலும் கதை முடிவதில்லை. தொட்டிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் சேருகிறது. பல்சக்கரங்களைத் துருப்பிடிக்க வைத்தது அந்தத் தண்ணீர். தண்ணீரை எடுக்காமல் புதிய பம்ப் போட்டால் அடுத்த குளிர்காலத்தில் அதுவும் போகும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குப் போனது. ஒவ்வொரு சொட்டும் கணக்கானது. நாசில் துளைகள் இன்னும் சிறிதாயின, அதனால் சீக்கிரம் அடைத்தன. துளிகளை நுண்ணியதாக்க அழுத்தத்தை 140 பவுண்டுக்கு ஏற்றினார்கள். இதிலும் ஒரு பொறி. அழுத்தம் 40 சதவீதம் ஏறினால் எண்ணெய் ஓட்டம் 18 சதவீதம் கூடும். நாசிலை மாற்றாமல் ஸ்க்ரூவை மட்டும் திருகினால் மிச்சப்படுத்த நினைத்தவர் கூடுதலாக எரிப்பார்.

இப்போது எண்ணெய் வீடுகள் வேகமாகக் குறைகின்றன. மெய்ன் மாநிலமே ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்ற இலக்கை 2023-ல், இரண்டு வருடம் முன்னதாகவே தொட்டது. மிச்சமிருக்கும் பாய்லர்களில் எண்ணெயும் மாறிவிட்டது. நியூயார்க் மாநிலம் 2012-ல் வீட்டு எண்ணெயின் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 15 பங்காகக் குறைத்தது. 2022 முதல் 5 சதவீதம் பயோடீசல் கலக்கச் சொன்னது. சுற்றுச்சூழலுக்கு இது நல்ல காரியம்தான். ஆனால் பயோடீசலுக்குக் கரைக்கும் குணம் உண்டு. ஐம்பது வருடமாகப் பழைய இரும்புத் தொட்டியின் அடியில் உட்கார்ந்திருந்த கசடு இளகிக் குழாயில் இறங்குகிறது. ஃபில்டர் அடைக்கிறது, வேக்குவம் ஏறுகிறது, பம்ப் முனகுகிறது. மெக்கானிக் வருகிறார். கேஜ் கொண்டுவந்திருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.