பழைய அவுட்போர்ட் மோட்டாரின் இக்னிஷன்: அமைப்பும் கோளாறும்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் பழைய இருவீச்சு அவுட்போர்ட் மோட்டார்களில் பலவற்றுக்கு பேட்டரி தேவையில்லை. கயிற்றை இழுத்ததும் சுழலும் ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த மோட்டார் ஸ்டார்ட் ஆக மறுத்தால், பாகங்களை வாங்கி மாற்றுவதற்கு முன் வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பதே சிக்கனமான வழி. மேக்னெட்டோவின் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்டில் படிந்த அழுக்கு போன்ற செலவில்லாத காரணங்கள் அப்போதுதான் முதலில் வெளிப்படும்.

பின்னணி

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909-இல் மில்வாக்கி நகரில் அவுட்போர்ட் மோட்டார்களை விற்கத் தொடங்கினார். ஜான்சன் சகோதரர்களின் மோட்டார் 1920-களில் அதற்குப் போட்டியாக வந்தது. பின்னர் இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. 1950-கள், 60-களின் பல ஜான்சன், எவின்ரூட் மாடல்களில் ஒரே வகை மேக்னெட்டோ இருந்ததால், அதற்கான காயிலும் பாயிண்டும் கண்டென்சரும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இயங்கும் விதம்

ஃப்ளைவீலின் உட்புறக் காந்தம் காயிலைக் கடக்கும்போது, அதன் தடித்த முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் எழுகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அந்த ஓட்டம் நீடிக்கும். கிராங்க் தண்டிலுள்ள கேம் சரியான கணத்தில் பாயிண்டைத் திறந்ததும் காந்தப்புலம் சரிகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் கம்பிச்சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து முனைகள் கருகாமல் காப்பது கண்டென்சர்.

இரட்டை சிலிண்டர் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில், தனி பாயிண்ட், தனி கண்டென்சர் உண்டு. பழுது பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் இரண்டின் காயில்களையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றம் காயிலில்தான்.

சோதிக்கும் வரிசை

முதலில் பிளக். புதிய பிளக்கைப் போட்டாலே பல மோட்டார்கள் உயிர்பெறும். அடுத்து, இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிக் கயிற்றை இழுக்க வேண்டும். சுமார் 6 மில்லிமீட்டரை நீலப் பொறி தாண்டினால் இக்னிஷன் நலம். வெளியே எடுத்த பிளக்கில் பொறி தெரிவது மட்டும் போதாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும், பலவீனமான பொறி அங்கே அணைந்துபோகும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் டெஸ்டரைத் துளைக்குத் தள்ளியே வைக்க வேண்டும்.

நிறுத்தும் பட்டன் உள்ள மாடல்களில் அதன் வயரைக் கழற்றிச் சோதிப்பது அடுத்த படி. மேக்னெட்டோ மோட்டாரை நிறுத்துவது என்றால் முதன்மைச் சுற்றை எர்த் செய்வது. அந்த வயர் உரசி உறை கிழிந்து மோட்டாரின் உடலைத் தொட்டால், பட்டனை அழுத்தாமலேயே மோட்டார் நின்றுவிடும்.

இதற்கும் பலன் இல்லையென்றால்தான் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்குப் புல்லர் தேவை. சுத்தியலால் அடித்தால் கிராங்க் தண்டு கெடும். உள்ளே முதலில் பார்க்க வேண்டியது பாயிண்ட். நெடுநாள் சும்மா கிடந்ததில் அதன் முனைகளில் ஆக்ஸைடு படலம் படிந்திருக்கும், கிராங்க் தண்டின் மேல் சீல் தேய்ந்திருந்தால் எண்ணெயும் ஏறியிருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து, சுத்தமான தாளை இடையே இழுத்துத் துடைத்து, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்கு அமைக்க வேண்டும். இடைவெளி கூடினால் பொறி முன்னதாகவும், குறைந்தால் பின்னதாகவும் பறக்கும்.

சுத்தம் செய்த பாயிண்ட் விரைவில் மீண்டும் கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். காயிலின் மேலுறையில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியபின் மறுபடி ஓடும் மோட்டாரில் பழுதான காயிலைச் சந்தேகிப்பது இயல்பு. அதைச் சூடாக இருக்கும்போதே சோதித்தால்தான் பிடிபடும்.

பொறி வலுவாக இருந்தும் மோட்டார் திருப்பி உதைத்தால் ஃப்ளைவீல் சாவியைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு உலோகத்துண்டு பாதி வெட்டுப்பட்டாலே டைமிங் பிசகிவிடும்.

சிடிஐ மோட்டார்கள்

1960-களின் பிற்பகுதியிலிருந்து, கெப்பாசிட்டரில் சேமித்த சில நூறு வோல்ட்டை மின்னணுச் சுவிட்ச் மூலம் காயிலுக்குள் பாய்ச்சும் சிடிஐ முறை பரவியது. இதில் தேய்வதற்குப் பாயிண்ட் கிடையாது. மின்சாரம் தரும் ஸ்டேட்டர், பொறிக்கான கணத்தை உணர்த்தும் டிரிகர், கெப்பாசிட்டரும் மின்னணுச் சுவிட்சும் அடங்கிய பவர் பேக் ஆகிய மூன்றின் வோல்டேஜையும் உச்ச அளவு காட்டும் மீட்டரால் அளந்து கோளாறைப் பிரிக்க வேண்டும்; சாதாரண மீட்டர் அந்தக் கணநேரத் துடிப்பைக் குறைத்தே காட்டும். இவ்வகை மோட்டாரின் நிறுத்தும் வயரில் 12 வோல்ட் பேட்டரி இணைப்பு தவறிப்போய்ப் பட்டாலும் பவர் பேக் எரிந்துபோகும். எனவே சுவிட்ச் மாற்றும்போது ஒவ்வொரு வயரையும் மாடலுக்கான வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே இணைக்க வேண்டும்.